பதிவு செய்த எண்

“மாமா, உங்க போனைக் குடுங்க.”

இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டினேன்.

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. கம்பெனிக்கு நேற்றும் இன்றும் லீவு என்பதால் கட்டில் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடித்து முடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய கை தானாகப் போய்ப் பையை மூடிக்கொண்டது.

“என்னது?”

“போன். இப்பவே வேணும்.”

“ஏய்!” அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “வந்ததும் வராததுமா என்னடி பேச்சு இது? மாப்பிள்ளைகிட்ட பேசுற பேச்சா?”

“டிகிரி கோவமா வந்திருக்கு அத்தை,” என்று மாமா சிரித்தார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். இந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த ஒரே ஆள் நான். அவர் சொல்வது பெருமையா கிண்டலா என்று அவருக்கே தெரியாது. “முதல்ல உக்காரச் சொல்லுங்க. தண்ணி குடுங்க.”

“தண்ணி வேண்டாம். மணி ரெண்டே முக்கால் ஆகுது. நாலு பத்துக்கு மேல அக்காவோட காயின்ல ஒண்ணுகூட மிஞ்சாது. போனைக் குடுங்க.”

அக்கா தலை நிமிர்ந்தாள்.

அக்கா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை காலர் என்று அவள் சொன்னதில்லை. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவாள், அதைப் பார்த்தால் போதும். மாதச் சம்பளம் வீட்டுக்கு, ஓவர்டைம் பணம் மட்டும் அவளுக்கு. அது கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஓவர்டைம் பணத்துக்காக நான் அவளுக்கு, கிரிப்டோ காயின் வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். கையில் வைத்தால் கரைந்துவிடுகிறது, நகையாக வைத்தால் அடகுக்குப் போய்விடுகிறது, கண்ணுக்கே தெரியாத இடத்தில் வை என்று அவள்தான் கேட்டாள். வாராவாரம் கொஞ்சம் காயின் வாங்கினாள். விலை ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதே இல்லை. அவளுக்கு வேண்டியது துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மெஷின், அதைப் போட ஒரு சின்ன அறை. இன்னும் ஆறு மாசம்தான்டி, அப்புறம் அந்தத் தையல் லைனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று போன மாதம் சொன்னாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து வேண்டுமே என்றேன். அடிக்க வந்தாள்.

கணக்கு அவள் பேரில் இருக்கிறது. அதில் பதிவு செய்த போன் எண் மாமாவுடையது.

தையல் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எனக்கு எதற்குப் போன் என்று அக்கா வாங்கிக்கொள்ளவே இல்லை. எக்ஸ்சேஞ்சின் ஆப் மாமாவின் போனில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிஷம் வாங்கி, காயின் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றைக்குப் படிவத்தில் எண் கேட்டபோது அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “மாப்பிள்ளை நம்பரைப் போடு, அதுதான் மரியாதை” என்றாள். அக்கா தலையாட்டினாள். நான் அடித்தேன். ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். மறந்துபோன பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுப்பதும், ஓடிபியை அடுத்தவனிடம் சொல்லாதீர்கள் என்று நாற்பது பேருக்கு நாற்பது முறை சொல்வதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், அக்காவின் கணக்குக்கு வரும் ஓடிபி எல்லாம் அடுத்தவர் போனுக்கே போகும்படி என் விரலாலேயே அடித்து வைத்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் அந்தப் பட்டியலில் என் பேரும் உண்டு.

அக்காவின் மெயில் மட்டும் என் போனில் திறந்திருக்கும். அந்த எக்ஸ்சேஞ்சில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு ரகசிய வார்த்தையைக் கொடுத்து வைத்தால், அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அது வரும். அது இல்லாமல் வந்தால் போலி. அக்கா கொடுத்த வார்த்தை ‘பல்லி’. லைனில் அவளுடைய சூப்பர்வைசருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்.

இன்று பதினொன்றரைக்கு அந்த மெயிலைத் திறந்தேன். நேற்றைய தேதியில் இரண்டு கடிதங்கள். இரண்டிலும் பல்லி இருந்தது. பாஸ்வேர்ட் நேற்று மாலை நாலு பத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக்காக இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் காயினை வெளியே அனுப்ப முடியாது என்றது முதல் கடிதம். வெளியே அனுப்புவதற்குப் புதிய முகவரி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது என்றது இரண்டாவது. நாலு பத்து ஆனதும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அதன் பிறகு இன்னும் ஒரே ஒரு ஓடிபி கிடைத்தால், மூன்று வருஷத்து ஓவர்டைம் எவனோ ஒருவனின் முகவரிக்குப் போய்விடும். காயின் ஒருமுறை போனால் போனதுதான். திருப்பிக் கொடு என்று போய் நிற்க அங்கே கவுன்டரும் கிடையாது, மேனேஜரும் கிடையாது.

மெயிலின் அடியில் ‘இது நான் அல்ல, கணக்கை முடக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. மாமாவைக் கூப்பிட்டேன். பிஸி. ஐந்து முறை கூப்பிட்டேன், ஐந்து முறையும் பிஸி. எக்ஸ்சேஞ்சின் உதவிக்கு எழுதினேன். கணக்குக்காரர் பதிவு செய்த எண்ணை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. சரியான பதில். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். எரிச்சலே அதுதான்.

கடைசியாக அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தேன்.

“மாப்பிள்ளை முக்கியமா யாரோடயோ பேசிக்கிட்டிருக்காரு. இப்ப குறுக்க போகக் கூடாது.”

“அம்மா, போனை வாங்கி ஒரு நம்பர் பாத்துச் சொல்லு. ஒரே நிமிஷம்.”

“அவர் போனை நான் கேக்குறதா? உனக்கென்ன கிறுக்கா? நீயும் வந்து கேட்டு வச்சுடாத, சொல்லிட்டேன். என்ன வேணா பண்ணு, அதை மட்டும் கேக்காத.”

அக்காவிடம் கொடு என்பதற்குள் வைத்துவிட்டாள், அப்புறம் எடுக்கவே இல்லை.

மாப்பிள்ளை எங்கே போனார் என்று கேட்கக் கூடாது. சம்பளம் வந்ததா என்று கேட்கக் கூடாது. எட்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்கக் கூடாதவை கூடிக்கொண்டே போகின்றன. அப்பா போன பிறகு அம்மா இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுகிறோமே என்று ஒவ்வொரு வாய்க்கும் கூசுகிறாள். அந்தச் சாப்பாட்டில் பாதி அக்காவின் கழுத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் அவளுக்கு ஏறவே ஏறாது.

இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தேன்.

“காயின் எங்கயும் போகாது,” என்றார் மாமா நிதானமாக. “எல்லாத்தையும் நான் நேத்தே பாத்து முடிச்சிட்டேன்.”

“என்ன பாத்தீங்க?”

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “எக்ஸ்சேஞ்ச்ல இருந்து ஒரு அதிகாரி பேசுனாரு. பாதுகாப்புப் பிரிவாம். உங்கக்கா பேரு, கணக்கு தொடங்குன வருஷம், எல்லாம் டாண் டாண்னு சொல்றாரு. வெளிநாட்டுல இருந்து எவனோ நம்ம அக்கவுண்டுக்குள்ள பூந்துட்டானாம். ‘சார், நீங்க மட்டும் உடனே செயல்படலைன்னா மொத்தமும் போயிடும் சார்’னாரு. செயல்பட்டேன்.”

“எப்படி?”

“ஒரு ஆப் போடச் சொன்னாரு. போட்டேன். என் ஸ்கிரீன் அங்க அவருக்குத் தெரியும். ஓடிபி வந்துச்சு, சொன்னேன். பாஸ்வேர்டை மாத்தி, பத்திரமான வாலெட் முகவரி ஒண்ணையும் சேத்துக் குடுத்தாரு. இன்னிக்கி நாலு மணிக்கு மேல கூப்பிடுவாரு. காயினை அந்த வாலெட்டுக்கு மாத்திட்டா கதை முடிஞ்சுது.”

“ஆமா. முடிஞ்சுதான் போயிடும்.”

“கிண்டல் பண்ணாத. இன்னிக்கிக்கூட அந்த ஹேக்கர் வந்தான், தெரியுமா? பதினொன்னே முக்கால் இருக்கும். நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு ஒரு ஓடிபி வருது. அவருதான் உஷார் பண்ணாரு. ‘பாத்தீங்களா சார், கதவைத் தட்டுறான். நம்பரை எனக்குச் சொல்லுங்க, நான் அடைச்சிடறேன்’னாரு. சொன்னேன். அடைச்சிட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“அந்த ஹேக்கர் நான்தான் மாமா.”

“என்ன?”

“பதினொன்னே முக்காலுக்குக் கதவைத் தட்டுனது நான். கணக்கைப் பூட்டுறதுக்கு. நான் பூட்ட வந்தேன், நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னை வெளிய தள்ளியிருக்கீங்க.”

மாமாவின் முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை.

“இதையும் அவர் சொன்னாரு,” என்றார் மெதுவாக. “‘வீட்டுல கொஞ்சம் படிச்சவங்க யாராவது வந்து தடுப்பாங்க சார். அவங்களுக்கு அரைகுறையாத்தான் தெரியும். காதுல வாங்காதீங்க’ன்னு.”

அம்மா சட்டென்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். “பாத்தியா? பெரிய ஆளுங்க எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லியிருக்காங்க.”

“அம்மா, திருட்டுப் பயலுக்குச் சாட்சி சொல்லாத.”

“அவரைத் திருடன்னு சொல்லாத!” மாமாவின் குரல் உயர்ந்தது. “எவ்வளவு மரியாதை தெரியுமா அந்த மனுஷனுக்கு? ரெண்டு நாளாப் பேசுறாரு. ஒரு தடவைகூட சார் போடாம பேசினதில்லை.”

சுவரில் ஆணியில் அவருடைய நீலச் சட்டை தொங்கியது, தோளில் பட்டையோடு. மாமா அறுபது வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியின் கேட்டில் செக்யூரிட்டி. அங்கே அவருக்குப் பேர் கிடையாது. கார் ஓட்டுகிறவர் ஹாரன் அடிப்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட ‘செக்யூரிட்டி, கேட்டைத் திற’ என்பார்கள். அந்தக் காதில் போய் ஒருவன் இரண்டு நாளாக சார், சார் என்று ஊற்றியிருக்கிறான். கோபம் எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் இவரிடம் எங்கிருந்து பேச ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“மாமா, ஒண்ணு கேக்குறேன். நாளைக்குக் காலையில உங்க கேட்டுக்கு ஒருத்தன் வர்றான். நல்லா அயர்ன் பண்ண சட்டை. கழுத்துல கார்டு. ‘வணக்கம் சார், மூணாவது மாடியில ஏசி ரிப்பேர், அவங்கதான் வரச் சொன்னாங்க’ன்றான். விடுவீங்களா?”

“பேரு, வீட்டு நம்பர் எழுதிட்டு, அந்த வீட்டுல கேப்பேன்.”

“‘உங்களுக்கு எதுக்கு சார் சிரமம், இந்தாங்க அவங்க மொபைல் நம்பர், இதுல கேளுங்க’ன்னு அவனே நம்பர் குடுக்குறான்.”

மாமா உதட்டைச் சுழித்தார். இருபது வருஷத் தொழில் அந்தச் சுழிப்பில் இருந்தது. “யாருகிட்ட? அவன் குடுக்குற நம்பரை அடிச்சா அவனோட கூட்டாளிதான எடுப்பான்? நான் இன்டர்காம்லதான் கேப்பேன். என் ரூம்ல ஒட்டியிருக்கிற நம்பர்.”

“அவன் பதறுறான். ‘ஏசியில இருந்து தண்ணி ஊத்துது சார், ஒரு நிமிஷம் லேட்டானா வீடே நாசம், நீங்கதான் பொறுப்பு’ன்றான்.”

“அவசரப்படுத்துறவனை இன்னும் பத்து நிமிஷம் நிக்க வைப்பேன். எங்க செட்டுக்கே நான்தான் அதைச் சொல்லிக் குடுத்தேன். எவன் அவசரப்படுத்துறானோ அவன்...”

நிறுத்திவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சுலபமான காரியம் இல்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“அவர்தான் எனக்குக் கூப்பிட்டாரு,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

“ம்.”

“லைன் கட்டானப்போ நான் திருப்பிக் கூப்பிட்டேன். அவர் குடுத்த நம்பர்ல.”

“ம்.”

“இன்டர்காம்ல கேக்கவே இல்லை.” போனைப் பையிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். “எக்ஸ்சேஞ்சுக்கு இன்டர்காம் எது?”

என் போனில் அவர்களுடைய சொந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். எங்கள் ஊழியர் யாரும் உங்களைப் போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்க மாட்டார்கள், திரையைக் காட்டும் ஆப் போடச் சொல்ல மாட்டார்கள், காயினைப் பத்திரமான இடத்துக்கு மாற்றச் சொல்ல மாட்டார்கள். மாமா உதடு அசைய வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார்.

“ஆனா என் போனுக்கு லெட்டர் அனுப்பியிருக்காரே,” என்றார். “முத்திரை எல்லாம் போட்டு.”

அப்போதுதான் அக்கா முதல் தடவையாகப் பேசினாள். “அந்த லெட்டர்ல பல்லி இருக்கா?”

“பல்லியா?”

“தலைப்புல. பல்லின்னு எழுதியிருக்கணும்.”

மாமா அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. பல்லி இல்லையே. அது என்ன பல்லி?”

“எங்க சூப்பர்வைசர்,” என்றாள் அக்கா. எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். “குடுங்க, அவ சொல்றதைச் செய்யலாம். மணி மூணாகப் போகுது.”

அவர் போனை என்னிடம் தரவில்லை. அக்காவிடம் தந்தார். எனக்கு அதுவும் சம்மதம்.

“அக்கா, முதல்ல நெட்டை அணை. அவன் இவரோட ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நெட் இல்லைன்னா அவனுக்கு எதுவும் தெரியாது. ஓடிபி மெசேஜா வரும், அதுக்கு நெட் வேண்டாம்.”

அணைத்தாள். அதிகாரி போடச் சொன்ன ஆப்பைக் கண்டுபிடித்து அழித்தாள். என் போனில் மறுபடி ‘இது நான் அல்ல’ பொத்தானை அழுத்தினேன். ஆறு எண்களுக்காக மூன்று தலைகள் ஒரு சின்னத் திரைமேல் குனிந்தன. அம்மா நான்காவது தலையாக எட்டிப் பார்த்து, அடுப்பு நினைவு வந்து ஓடினாள். டிங் என்றது. அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள், காலர் எண்ணுகிற குரலில். அடித்தேன்.

கணக்கு முடக்கப்பட்டது. உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகாது. கணக்குக்காரர் தன் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டித்தான் மறுபடி திறக்க முடியும். காயின் முழுதாக இருப்பதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அக்கா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மாமாவின் போன் அடித்தது.

“எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க,” என்றேன். “என்ன பேசணும்னு நான்...”

மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்டுக்கு உள்ளே எப்படி உட்காருவாரோ அப்படி.

“யாரு?”

“சார், நான்தான் சார், பாதுகாப்புப் பிரிவு. உங்க நெட் கட்டாயிருக்கு சார். உடனே ஆன் பண்ணுங்க. நேரம் ரொம்பக் கம்மியா இருக்கு.”

“பேரு?”

“சார்?”

“உங்க பேரு சொல்லுங்க. எங்க இருந்து வர்றீங்க, யாரைப் பாக்கணும்.”

“சார், நேத்தே எல்லாம் சொன்னேனே சார்...”

“நேத்து சொன்னது நேத்தோட போச்சு. இன்னிக்கி புதுசா எழுதணும்.” எழுதுவதுபோல ஒரு இடைவெளி விட்டார். “உள்ள கேட்டேன். உங்களை யாரும் வரச் சொல்லலையாம். அப்படி ஓரமா நில்லுங்க.”

அடுத்து அதே ஆளிடமிருந்து வந்தது வேறு குரல். “டேய் வாட்ச்மேன், கேட்டைத் தொறந்து மூடுற நாயி, நீ எனக்குச் சட்டம் பேசுறியா? உனக்கெல்லாம்...” அதற்கு மேல் வந்ததை எழுத வேண்டாம். என்ன வேலை செய்கிறார் என்பதை இரண்டு நாளில் மாமாவே பெருமையாகச் சொல்லியிருப்பார்.

மாமா துண்டித்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷம் அவரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“யாருடி அவன், இப்படிப் பேசுறான்!” அம்மா கொதித்தாள்.

“நீ பெரிய ஆளுன்னு சொன்னியே, அவரேதான்.”

“விடு,” என்றாள் அக்கா. “நல்லா எழுதுனீங்க,” என்று மாமாவிடம் சொன்னாள். அவருக்குச் சின்னதாகச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து போனிலேயே இருந்ததில் அவர் சாப்பிடவே இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அம்மா ஓடிப்போய்த் தட்டை வைத்தாள்.

நான் மறுபடி திறப்பதற்கான படிவத்தை எடுத்தேன். முகத்தைக் காட்டு, அட்டையைக் காட்டு, அடுத்தது போன் எண். பழைய எண்ணே தொடரட்டுமா, புதிய எண்ணா என்று கேட்டது.

“பழசேதான்,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. “அதான் முடிஞ்சுதே. பழையபடி வச்சு விடு.”

“இல்லைம்மா.”

“என்ன இல்லை?”

“மாமா நம்பர் வேண்டாம்.”

மாமா சோற்றில் வைத்த கையை எடுத்தார். “இனிமே நான் ஏமாறுவேன்னு நினைக்கிறியா? இனி எவன் கூப்பிட்டாலும் நீ வந்து பாத்தப்புறம்தான். சத்தியமா.”

“நீங்க ஏமாற மாட்டீங்க மாமா. இன்னிக்கி நீங்க கேட்ட மாதிரி என்னாலகூட அவனைக் கேட்டிருக்க முடியாது. ஆனா அது வேற. இது உங்க கேட் இல்லை. அக்காவோடது.”

“அப்ப நான் திருடிடுவேன்னு சொல்றியா?”

“மாட்டீங்க. நீங்க நல்லவரு. அதனாலதான் மூணு வருஷமா யாரும் எதுவும் கேக்கலை. நல்லவரு பையில இருக்கட்டும்னு விட்டோம். நேத்து உங்க நம்பருக்கு ஓடிபி வந்தப்போ, கணக்குக்காரி நாலடி தள்ளி இங்கதான் உக்காந்திருந்தா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா பார்வையை விலக்கவில்லை.

“பயந்துடுவான்னு சொல்லலை,” என்றார்.

“நான் பயப்பட மாட்டேன்,” என்றாள் அக்கா. அது அவருக்குப் புதுச் செய்தி என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்து, “அப்ப உன் நம்பரைப் போடேன்” என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. காலையிலிருந்து வந்ததெல்லாம் அவசரம்.

“என் நம்பர் எதுக்கு? நாளைக்கு எவனாவது என்னை மேடம் மேடம்னு கூப்பிட்டா நான் உருக மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஆபீஸ்ல ஒருத்தரும் கூப்பிடுறதில்லை, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. உன் காயினுக்கு உன் நம்பர். வேற யாரோடதும் இல்லை.”

“எனக்குப் போனே இல்லையே.”

பையைத் திறந்து என் பழைய போனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சார்ஜ் முழுதாக இருந்தது. அதில் இருந்த என்னுடையதையெல்லாம் அழித்திருந்தேன். நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து கிளம்பும்போதே டிராயரில் இருந்து எடுத்துவிட்டேன். அழிக்கிற வேலையை முதல் பஸ்ஸில் முடித்தேன். காயின் தப்பினாலும் தப்பாவிட்டாலும் இதைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று இரண்டாவது பஸ் ஏறுமுன்பே முடிவாகிவிட்டது.

“சிம் உன் பேர்ல வாங்கணும். அதுக்கு நீயே வரணும். அட்டையை எடுத்துக்கோ. ஓடிபியை மட்டும் நம்பாம இன்னொரு பூட்டும் போடுற ஆப் இருக்கு, அதை வழியில சொல்லித் தர்றேன்.”

“லைனுக்குள்ள கொண்டு போக முடியாதுடி.”

“கொண்டு போகாத. வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போ. ஆறு மாசம்தான?”

அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் கீறல் இருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தாள். அட்டை எந்தத் தட்டில், எந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமலேயே எடுத்தாள்.

“என்னடி நடக்குது இங்க?” அம்மா வந்து நடுவில் நின்றாள். “மாப்பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. பாதிச் சாப்பாட்டுல எழுந்து போறதா? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டாவது போங்கடி.”

மாமா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேட்டிருந்தால் ஒருவேளை போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் யாரும் கேட்கவில்லை.

“ரசம் அடுப்புல இருக்கும்மா, ஊத்து அவருக்கு,” என்றாள் அக்கா. போனைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அக்கா எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள்.